இரும்புப் பற்பூதமும் சித்திரக்கதைச் சட்டமும்

1954ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 23ஆந் திகதி மாலை. ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ நகரத்துக் கோர்பல்ஸ் எனும் ஏழைத் தொழிலாளர் வட்டாரம். அதனை அடுத்திருந்த பழைய சவக்காலைக்குள் நூற்றுக்கணக்கான சிறுவர் புகுந்தனர். சிலர் கையிற் கத்தி. சிலர் கையிற் கூரிய தடி. பொலிஸ்காரர் வந்து வினவியபோது, ஏழடி உயரமும் இரும்புப் பற்களுமுடைய இரத்தக்காட்டேரி ஒன்று இரு சிறுவரைக் கொன்று தின்றுவிட்டதாகவும், தாம் அதனை வேட்டையாட வந்திருப்பதாகவும் அவர்கள் கூறினர். சவக்காலைக்குப் பின்னால் இரும்பாலையின் உலைத்தீ வானத்தைச் செந்நிறமாக்கிற்று. புகையினூடே நிழலசையுந்தோறும் பிள்ளைகள் அலறினர். பாடசாலைத் தலைமையாசிரியர் ஒருவர் வந்து புத்தி கூறினார். ஆயினும் கூட்டத்தைக் கலைத்தது மழையே என்பர். மறுநாளிரவும் அவர்கள் வந்தனர். உண்மையிலோ, அவ்வூரிற் காணாமற்போன சிறுவர் எவருமிலர்.

பழி, அமெரிக்கத் திகிற் சித்திரக்கதைகளின் தலையில் விழுந்தது. அவ்வேடுகளிற் சில அருவருக்கத்தக்கனவே. பெற்றோர் கொண்ட கவலையைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது. எனினும் அவற்றை எதிர்த்து நின்ற அணி விசித்திரமானது. திருச்சபைத் தலைவர்களும் ஆசிரியர் சங்கத்தாரும் ஒருபுறம். அமெரிக்கச் செல்வாக்கை வெறுத்த பொதுவுடைமைக் கட்சியினர் மறுபுறம். கட்சியினர் திரைமறைவில் ஆற்றிய பங்கினை மார்ட்டின் பார்க்கர் என்பார் 1984இல் வெளியிட்ட நூலே விரிவாக எடுத்துக்காட்டியது.

கோர்பல்ஸ் தொகுதி உறுப்பினர் அலிஸ் கலனும் பாராளுமன்றத்தில் இவ்வேடுகளுக்கெதிராகக் குரல் கொடுத்தார். 1955இற் சட்டம் நிறைவேறியது. குற்றம், வன்செயல், கொடுமை, அருவருப்பான நிகழ்ச்சி ஆகியவற்றைக் காட்டிச் சிறுவரைக் கெடுக்கக்கூடிய ஏடுகளை அது தடுத்தது. ஆனால், பெரும்பாலும் படங்களாற் சொல்லப்படுங் கதைகளுக்கே அது பொருந்தும். அதே கொடுமையைச் சொற்களால் மாத்திரம் எழுதியவருக்கு இச்சட்டத்தால் அச்சமில்லை!

இரும்புப் பற்களுடைய காட்டேரி மட்டும் எந்தச் சித்திரக்கதையிலும் அகப்படவில்லை. அத்தகைய மிருகமொன்று விவிலியத்திலே தானியேல் ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்தில் உண்டு. இரும்புப் பற்களுடைய ஜென்னி என்பவளைப் பற்றி அலெக்சாண்டர் அண்டர்சன் பாடிய ஸ்கொத்திய பாட்டும் உண்டு. அது பாடசாலைகளிலேயே கற்பிக்கப்பட்டது. பின்னாளில் ஹொப்ஸ், கோர்ன்வெல் எனும் இரு ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களையும் முதியோர் நினைவுகளையும் துருவினர். கிளாஸ்கோச் சிறுவர் இவ்வாறு கூட்டமாகப் பேய் வேட்டைக்குப் புறப்படுவது 1930களிலேயே வழக்கிலிருந்ததை அவர்கள் கண்டனர். அமெரிக்கத் திகில் ஏடுகள் அக்காலத்திற் பிறந்திருக்கவேயில்லை.