மழையில எவ்வளவு உரம் இருக்கு?

இடி இடிச்சு மழை பெஞ்சா யூரியா போட்ட மாதிரி பயிர் பச்சை கட்டும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. பொய் இல்லை. மின்னல் வெட்டும்போது காற்றில் இருக்கும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மழையோடு இறங்குகிறது. ஆனா எவ்வளவு இறங்குது? இதை வச்சு ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்திருக்கு.

ஜெர்மனியின் வேதியியல் அறிஞர் லீபிக் 1840களில் ஒரு கருத்து சொன்னார். மழையில் வரும் அம்மோனியாவே பயிரின் தழைச்சத்துக்குப் போதும், மண்ணில் தாது உப்புகளை மட்டும் போடுங்கள் என்று. லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் பண்ணையில் ஆராய்ச்சி செய்த லாஸும் கில்பர்ட்டும் இதை ஒத்துக்கல. லாஸ் சூப்பர் பாஸ்பேட் ஃபேக்டரி வச்சிருந்தவர், அதனால சந்தேகப்படறவங்க படலாம். ஆனா அவங்க அளந்தாங்க. 1853இல் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்பில், சுமார் 44 சதுர அடி, ஒரு கட்டில் போடற இடம்னு வச்சுக்கோங்க, ஈயத்தகடு பதித்த மழைமானி ஒன்றைக் கட்டினார்கள்.

பிடிச்ச மழைத்தண்ணியைச் சோதிச்சா, வருஷம் முழுக்கப் பெய்ததில் ஏக்கருக்கு 4 கிலோ தழைச்சத்துகூடத் தேறலை. இன்றைய 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் இருக்கு. மழையின் சரக்கு பருவத்துக்குப் பருவம் மாறவும் செய்தது. குளிர்காலப் புயற்காற்றில் கடல் உப்பு கூடி வந்தது.

அப்போ மழைக்குப் பிறகு தெரியற அந்தப் பச்சை? காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழிச்சு, மண்ணிலேயே கிடக்கும் தழைச்சத்தை அவிழ்த்து விடுது. பேரு மட்டும் மின்னலுக்கு.

கந்தகத்தின் கதை வேற. நிலக்கரிப் புகை பெருகப் பெருக, மழையோடும் காற்றோடும் அங்கே கந்தகம் கொட்டியது. ஏரிகளையும் காடுகளையும் கெடுத்த அதே அமில மழைதான், வயலுக்குக் கேட்காமலே உரமும் போட்டுச்சு. ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் பத்திரப்படுத்தி வரும் தானியத்திலும் வைக்கோலிலும் அந்த நிலக்கரிக் கந்தகத்தின் தடயத்தையே கண்டுபிடிச்சிருக்காங்க.

1980களுக்குப் பிறகு புகையைக் கட்டுப்படுத்தினார்கள். காற்று சுத்தமாச்சு. கொஞ்ச வருஷத்தில், கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் வயல்களில் மஞ்சளாகப் பூக்க வேண்டிய பூ வெளிறிப் பூத்தது. கந்தகப் பற்றாக்குறை. இப்போ அங்கே விவசாயிகள் அதையும் மூட்டையில் வாங்கித்தான் போடுறாங்க.