பதினோராம் எண் கூண்டு

"சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." ஐப்பசி, கார்த்திகை வந்தாலே இந்தச் செய்தி நம்ம காதுல விழும். இன்னைக்கு அந்தக் கூண்டைப் பத்தித்தான் பேசப்போறேன். நான் சாஃப்ட்வேர்காரன். புரோகிராம் எழுதுற லாக்ல ஒவ்வொரு வரிக்கும் டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர்னு ஒரு தீவிர நிலை போடுறோம் இல்லையா? அந்த வேலையை நம்ம கடற்கரையில கூண்டுகள் நூறு வருஷத்துக்கும் மேலா செஞ்சிட்டிருக்கு.

1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தை இன்னொன்று. பல்லாயிரம் பேர் செத்துப்போனாங்க. 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே 1875-லதான். 1898-ல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே முறை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

எண் கூடக் கூட ஆபத்து கூடும்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. முழுக்க அப்படி இல்லை. 1, 2 தூரத்தில் இருக்கும் புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலைன்னு சொல்லும். 5, 6, 7 மூணுமே 'அபாயம்'தான்: புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கம் கடக்குமா, வலப்பக்கமா, நேரா மேலேயேவா என்பது மட்டும் மாறும். 8, 9, 10 அதே மாதிரி, ஆனா 'பெரும் அபாயம்'. தீவிரமும் திசையும் ஒரே எண்ணுக்குள்ள! கப்பல்காரருக்கு ரெண்டும் வேணும், சரி. செய்தி கேக்குற நமக்குத்தான் குழப்பம்.

லாக்லயும் எண் குழப்பம் உண்டு. 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக சிஸ்லாக் உருவாக்கினார். அதன் எட்டு நிலைகளில் 0 தான் உச்சக்கட்ட நெருக்கடி, 7 வெறும் டீபக். பைத்தான்ல தலைகீழ்: டீபக் 10, கிரிட்டிக்கல் 50. ரெண்டையும் ஒரே சர்வர்ல ஓட்டுறவங்க பாவம்.

நான் வளர்ந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. கடல் அங்கிருந்து ரொம்ப தூரம். கூண்டு எந்த எண்ணா இருந்தா என்னன்னு தோணும். ஆனா நெசவாளர் தெருவில் நீளமா பாவு விரிச்சுக் காய வச்சிருக்கும்போது சின்னத் தூறல் போட்டாலே அன்றைய வேலை போச்சு. மழை விடாம பெஞ்சா தறிக்குழியில ஈரம் ஊறும், உட்கார்ந்து நெய்ய முடியாது, கூலியும் இல்லை. துறைமுகத்துக்கு 'இன்ஃபோ'வா இருக்கிற மழை அந்த வீட்டுக்கு 'எரர்'. தீவிர நிலையை முடிவு பண்றது எழுதுறவரா, படிக்கிறவரா? டெவலப்பர் தன் வசதிக்கு எரர்னு போட்டதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்றது வேற ஆள். அதனால என் ஓட்டு படிக்கிறவருக்குத்தான்.

எனக்குப் பிடிச்சது 11. அதுக்குப் புயலோட பலம், திசை எதுவும் கிடையாது. வானிலை எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, மோசமான வானிலை வரும்னு உள்ளூர் அதிகாரி தானே கணிக்கிறார். அப்போ ஏத்துற கூண்டு அது. சிஸ்லாக்கின் எட்டு நிலையிலும் இதுக்கு இடமில்லை. செத்துப்போன சர்வர் லாக் எழுதாதே! அதனாலதான் இன்னைக்கு சர்வர்கள் 'உயிரோட இருக்கேன்'னு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லணும்னு வைக்கிறோம். அந்தக் குரல் நின்னா அலாரம் அடிக்கும்.