தாலியும் பதிவேடும்

பாயான் லெப்பாஸ் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்குப் புலாவ் ஜெரஜா என்னும் சிறு தீவு தோன்றும். நம் முன்னோரிற் பலர் கப்பலேறி வந்து, தோட்டங்களுக்குச் செல்லுமுன் தொற்றுநோய்க் காவலில் வைக்கப்பட்ட இடம் அதுவே. அவர்கள் துணிமூட்டையோடு தத்தம் ஊர் வழக்கங்களையும் கொண்டு வந்தனர். கலியாணம் அவற்றுள் ஒன்று. கலியாணத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் மற்றொன்று. இன்றோ அதே கரையில், தொழிற்சாலை வேலை முடிந்து வரும் ஒரு பெண்ணின் விவாகரத்து மனு, 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜார்ஜ் டவுன் ஹைகோர்ட்டுக்குக் கணினி வழியாகவே சென்று சேர்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வரலாற்றை நம்மவர் அறிந்திருத்தல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

விவாகரத்து என்பது மேனாட்டார் கற்பித்த கேடு என்று கூறுவோர் நம்மிடையே இன்னும் உளர். இஃது உண்மையன்று. தமிழ்நாட்டில் பற்பல சமூகத்தாரிடம் அறுத்துக் கட்டும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது. பஞ்சாயத்தார் முன் இருவரையும் நிறுத்தி, வழக்கைக் கேட்டு, பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, உறவைத் தீர்த்து விடுவர். அதனை இழிவென்று பேசியவர்கள் தங்கள் பெண்களுக்கு அவ்வுரிமையை மறுத்தவர்களே. இந்நாட்டுத் தோட்டங்களிலும் கங்காணியும் கோயில் பெரியவர்களும் லயத்து வாசலில் கூடி இவ்வாறு தீர்த்து வைத்ததுண்டு. ஆயினும் அத்தீர்ப்பு வாய்ச்சொல்லே, எழுத்தில்லை. கங்காணி எவன் பக்கமோ நியாயமும் அவன் பக்கம். பிள்ளை யாரிடம் வளர்வது, பெண்ணுக்குச் சோறு எங்கிருந்து வருவது என்ற கேள்விகளுக்கு உறுதியான விடை கிடைத்திலது.

சர்க்கார் சட்டம் என்ன செய்ததென்று பார்ப்போம். 1786-இல் பினாங்கு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1807-ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தால் இங்கு ஆங்கில நீதிமன்றம் ஏற்பட்டது. அவரவர் மதத்துக்கும் வழக்கத்துக்கும் இயன்றவரை இடந்தருவது அதன் முறை. முஸ்லிம்களுக்கு 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணமும் தலாக்கும் பதியப்பெற்றன, காஜிகளும் நியமிக்கப்பட்டனர். இந்து வழக்கப்படி மணந்தோர்க்கு அத்தகைய வாய்ப்பு அங்கே அமையவில்லை. பின்னர் 1952-இல் மலாயாக் கூட்டரசில் விவாகரத்துச் சட்டமொன்று வந்தது. அதுவோ ஒருவனுக்கு ஒருத்தி என்ற மணத்துக்கே உரியது. இந்து வழக்கம் பல தாரங்களுக்கு இடங்கொடுத்தமையால், அவ்வழக்கப்படி தாலி கட்டிக்கொண்டவளுக்குக் கோர்ட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

இதன் விளைவை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புருஷன் இரண்டாவது தாரம் கொள்ளலாம், சட்டம் தடுக்காது. பெண்சாதி அவனை விட்டு விலக வேண்டுமாயின் சட்டம் உதவாது. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்டுப் பெறலாம். விடுதலை கேட்க வழியில்லை. மதத்தின் பெயரால் காட்டப்பட்ட சலுகை, ஆணுக்குச் சுகமாகவும் பெண்ணுக்கு விலங்காகவும் முடிந்தது.

நிற்க, தாய்நாட்டில் நடந்தவற்றையும் நோக்குவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு மணவிடுதலை உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுதும் சுற்றினார். 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களின் பலதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. 1955-இல் இந்தியாவில் இந்து விவாகச் சட்டம் வந்தது. 1961-இல் சிங்கப்பூர் மாதர் சாசனத்தை இயற்றியது. மலேசியத் தமிழ்ப் பெண்ணோ காத்துக்கொண்டே இருந்தாள். இங்குச் சட்டம் நிறைவேறியது 1976-இல். அதுவும் ஆறாண்டு கிடப்பில் கிடந்து, 1982 மார்ச் 1-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது.

முஸ்லிமல்லாதார்க்குரிய அச்சட்டத்தின் சாரம் இது. ஒருவனுக்கு ஒருத்தியே மனைவி. மணவயது இருபாலார்க்கும் 18. பதினாறு நிறைந்த பெண்ணுக்கு மாநில முதல்வரின் அனுமதி வேண்டும். மணம் முறைப்படி நடத்திப் பதியப்பட வேண்டும். கூடி வாழ்தல் இனி இயலாதென்று நிலைநாட்டினால் விவாகரத்துக் கிடைக்கும். பிறர் உறவு, பொறுக்கவொண்ணா நடத்தை, இரண்டாண்டு கைவிட்டுப் போதல், இரண்டாண்டு பிரிந்து வாழ்தல் ஆகியவை அதற்குச் சான்றாம். இருவரும் ஒப்பினால் கூட்டு மனுச் செய்யலாம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நன்றென்று சட்டம் முதற்கண் கருதும்; தக்க காரணம் காட்டினால் அக்கருத்து மாறலாம். சேர்ந்து தேடிய சொத்துக்கும் பங்குண்டு.

1982-க்கு முன் வழக்கப்படி நடந்த செல்லுபடியான மணங்கள் பதியப்பட்டனவாகவே கொள்ளப்படும். ஆதலால் நம் பாட்டிமார்க்குக் கவலையில்லை. கவலை பேத்திமார்க்கே. கோயிலில் மேளம் கொட்டித் தாலி கட்டி, ஆயிரம் பேருக்கு விருந்திட்டு, பதிவிலாகாவை மட்டும் மறந்துவிடுவோர் இன்றும் உளர். இல்வாழ்வு இனிதாயிருக்கும் வரை இம்மறதி தெரிவதில்லை. அடியும் உதையும் வரும் நாளில், அல்லது புருஷன் வேறிடம் புகும் நாளில், அவள் தன்னை மனைவியென்று மெய்ப்பிப்பதே பெரும்பாடாகி விடுகின்றது. மணத்தையே காட்ட முடியாதவள் மணவிடுதலையை எப்படிக் கேட்பாள்? படம் பிடித்தவனுக்குக் கொடுத்த கூலியில் சிறுபகுதி பதிவேட்டுக்குப் போதும்.

இனி, கணினி வழி மனுவைப் பற்றிச் சில சொல்வோம். இங்கிலாந்தில் 1857-க்கு முன் முழு விவாகரத்துப் பெறுவதற்குப் பார்லிமெண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. செல்வரன்றி எவரும் அதனை நினைக்கவும் முடியாது. 1968-இல் எதிர்ப்பில்லாத மனுக்கள் உள்ளூர்க் கவுண்டி கோர்ட்டுகளுக்கு வந்தன. 2018 முதல் வீட்டிலிருந்தே கணினியில் மனுச் செய்ய முடிந்தது. 2022 ஏப்ரல் 6 முதல் ஒருவர்மேலொருவர் குற்றம் சாட்டவும் தேவையில்லை. பார்லிமெண்டிலிருந்து அடுக்களை மேசைக்கு அவ்வுரிமை வந்துசேர 160 ஆண்டுகளுக்கு மேலாயின.

மலேசியாவில் விவாகரத்து இன்றும் ஹைகோர்ட்டுக்கே உரியது. வழக்கறிஞர் மனுவைக் கணினி வழியே செலுத்துவர்; வழக்கறிஞரில்லாதார் கோர்ட்டிலுள்ள சேவை நிலையத்தின் மூலம் செலுத்தலாம். 2020-இல் திருத்தப்பட்ட சட்டத்தால் தொலைவிலிருந்தபடியே விசாரணை நடத்தவும் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. இவை காகிதத்தைக் கொண்டுபோகும் வழிகளே. ஒருவர் மட்டும் மனுச் செய்வதாயின், முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவின் முன் செல்ல வேண்டும். எதிரி இருக்குமிடம் தெரியாமை போன்ற சில காரணங்களுக்கே விலக்குண்டு. மணமாகி இரண்டாண்டு ஆகாமல் மனுச் செய்வதற்குத் தனி அனுமதி வேண்டும். தீர்ப்புக்குப் பின்னும் பொதுவாக மூன்று மாதம் கழிந்தே அது முடிவானதாகும். ஆகவே சில நாளில் விவாகரத்து வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்பி ஏமாறுதல் கூடாது. பணமில்லாதார் சர்க்காரின் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

இன்னொரு தொல்லையும் தீர்ந்துள்ளது. கணவன் அல்லது மனைவி இஸ்லாத்தைத் தழுவினால், மதம் மாறாதவர் மட்டுமே மனுச் செய்யலாம் என்றிருந்தது. 2018 டிசம்பர் 15 முதல் இருவரில் எவரும் அதே சிவில் கோர்ட்டில் மனுச் செய்யலாம். அவ்வாண்டு ஜனவரியில், ஈப்போ இந்திரா காந்தி அம்மையாரின் வழக்கில், பெற்றோர் இருவரின் சம்மதமுமின்றிப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாதென்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. வழக்குத் தொடங்கியது 2009-இல்.

சட்டம் ஒருபுறமிருக்க, உரிமையைப் பயன்படுத்தக் கையில் காசு வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் ஏற்பட்டு, மின்னணுத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் பெண்களை வேலைக்கு அழைத்தன. தோட்டத்தில் பெண்ணின் கூலியைப் புருஷன் வாங்கிக்கொண்டதுண்டு. தொழிற்சாலைச் சம்பளமோ அவள் பெயரில் வந்தது. தன் வயிற்றைத் தானே கழுவ வல்லவளுக்கே சட்டப் புத்தகம் பொருள்படும். இதனை நாம் மறத்தலாகாது.

விவாகரத்துப் பெருக வேண்டுமென்பது நம் ஆசையன்று. இசைந்து வாழ்வோரை எச்சட்டமும் பிரிக்காது. இசையாத இடத்தில் பெண்ணைப் பூட்டி வைப்பதற்குக் குடும்ப மானம் என்று பெயரிடுதல் தகாது. ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் அடுத்த கலியாணம் நடக்கும்போது, முகூர்த்த நாளைக் குறிக்குமுன் பதிவு நாளைக் குறியுங்கள். நடந்துவிட்ட கலியாணம் பதியாமலிருப்பின், நாளைக் காலையிலேயே பதிவிலாகாவுக்குச் சென்று வழி கேளுங்கள். நம் பெண்மக்களுக்கு நாம் செய்யும் சீர்களில் அந்த ஒரு காகிதமே கடைசிவரை உடன் நிற்கும்.