சேலத்து வக்கீல் விஜயராகவாச்சாரியார்

செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள பொன்விளைந்தகளத்தூரில் 1852-இல் வைதிகக் குடும்பமொன்றில் தோன்றி, சென்னை மாகாணக் கல்லூரியில் பட்டம் பெற்று, சில காலம் ஆசிரியராயிருந்த சி. விஜயராகவாச்சாரியார், சட்டத்தைத் தாமே பயின்று தேறி, 1881-இல் சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார். பட்டணத்து ஹைக்கோர்ட்டை நாடாமல் வெளியூரில் தொழில் நடத்திய வக்கீல்களுக்கு நிலத்தாவாவும் கடன் பத்திரமும் கொண்டு கிராமங்களிலிருந்து வருவோரே கட்சிக்காரர்கள். சர்க்கார் உத்தரவொன்று குடியானவன் வீட்டு வாசலில் எந்த ரூபத்தில் வந்து நிற்கும் என்பதை அக்கட்சிக்காரர்களின் வாய்மொழியாக அறிந்தவர்கள் அவ்வக்கீல்கள்.

தொழில் வேரூன்றும் முன்பே, 1882-இல், சேலத்தில் மசூதிக்கு முன்பாக ஊர்வலம் மேளதாளத்துடன் செல்வது பற்றிய சச்சரவு முற்றிப் பெருங்கலகமாகி, மசூதியும் இடிக்கப்பட்டது. அக்கலகத்தைத் தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட இவ்விளைஞர், அப்பீல் செய்து நிரபராதியென விடுதலை பெற்றார். வேறொருவராயின் உயிர் தப்பியது தெய்வாதீனம் என்று அத்துடன் அமைந்திருப்பார். இவரோ, தாம் வகித்த நகரசபை அங்கத்தினர் பதவியிலிருந்து தம்மை நீக்கிய உத்தரவையும் விட்டுவைக்காமல், இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கித் தாவா தொடுத்தார். 1884-இல் சென்னை ஹைக்கோர்ட் அளித்த முடிவு இவருக்குச் சாதகமாயிற்று. கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய். பொருளாகப் பார்த்தால் அது அற்பம்; ஆயினும் அதிகாரத்தில் இருப்போர் தாம் செய்ததற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை, சக்கரவர்த்தினியின் பெயரால் நடந்த நீதிஸ்தலத்திலேயே நிலைநாட்டியது அந்தத் தொகை என்பதால், அவர் வாழ்வின் மற்றெல்லா வெற்றிகளையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தாம் தப்பியதோடு நில்லாமல், அதே வழக்கில் தண்டனையடைந்த பிறருக்காகவும் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் மன்றாடி விடுதலை பெற்றுத் தந்தார்.

1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டசபையில் அமர்ந்தபோது அவர் கையிலிருந்த ஆயுதம் மிகச் சிறியது. 1892-ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கத்தினர்கள் முன்னறிவிப்புடன் கேள்வி கேட்கலாம்; வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம்; அதன்மீது வாக்களிக்க இயலாது. சர்க்கார் அங்கத்தினர் எழுதி வைத்திருந்த பதிலைப் படித்து உட்கார்ந்துவிட்டால், அதிலிருந்து கிளைக்கும் துணைக்கேள்விக்கும் இடமில்லை. சாட்சிக் கூண்டில் நிற்பவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு அமர வேண்டிய வக்கீலின் நிலை அது. 1913 முதல் 1916 வரை அவர் இருந்த ஏகாதிபத்தியச் சட்டசபையில், மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தின் பயனாக, கேள்வி கேட்டவர் துணைக்கேள்வியும் கேட்கலாம், தீர்மானமும் கொண்டுவரலாம் என்ற அளவுக்கு வாசல் சற்றே திறந்திருந்தது.

1920 டிசம்பரில் நாகபுரிக் காங்கிரஸின் தலைமை அவரைத் தேடி வந்தது. வக்கீல்கள் நீதிஸ்தலங்களை விட்டு வெளியேற வேண்டும் என்பதை ஓர் அம்சமாகக் கொண்ட ஒத்துழையாமைத் திட்டம் உறுதி செய்யப்பட்ட அந்த மகாசபையில், நீதிஸ்தலத்தின் வழியாகவே தம் மானத்தையும் உரிமையையும் மீட்ட முதியவர், அத்திட்டத்தில் முற்றும் உடன்படாதவராகவே தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்தார். தம் கருத்தை மறைக்கவுமில்லை. சபையின் முடிவுக்குக் குறுக்கே நிற்கவுமில்லை. அதன் பின்னும் 23 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1944 ஏப்ரலில் காலமானார்.