அண்ணா எஃப்.எம்.

சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி. 2004 பிப்ரவரி 1ஆம் தேதி அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி தொடங்கிவைத்தார். பல்கலைக்கழகத்தின் கல்விப் பல்லூடக ஆய்வு மையத்தில் உருவான இந்நிலையத்துக்கு வடிவம் கொடுத்தவர் அதன் இயக்குநராக இருந்த ஆர். ஸ்ரீதர். நாட்டின் முதல் வளாக வானொலி என்ற பெருமை இதற்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கிராமங்களுக்காகக் கேட்கப்பட்ட உரிமை ஒரு பெருநகரக் கல்வி நிறுவனத்துக்கு ஏன் முதலில் கிடைத்தது, அதனால் கிராமங்களுக்கு நன்மையா தாமதமா என்ற கேள்விகள்தான் இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டியவை.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு தனியார் எஃப்.எம். உரிமங்கள் ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் நிற்க வசதியில்லாதவர்கள் வெளியே நின்றார்கள். அப்போது ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில் இருந்த பஸ்தாபூரில் தலித் பெண்கள் 1990களின் இறுதியிலேயே ஒலிப்பதிவுக் கூடத்தோடு தயாராக இருந்தனர். உரிமம் இல்லாததால், பதிவு செய்த நிகழ்ச்சிகளை கேசட்டில் எடுத்துப்போய் தங்கள் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கவிட வேண்டியிருந்தது. 2002 டிசம்பரில் அரசு கதவைத் திறந்தபோதும் பெயர்பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் விட்டது. பல்கலைக்கழகம் என்றால் துணைவேந்தர் இருக்கிறார், கணக்கு இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்க ஆள் இருக்கிறது; கிராமத்துச் சங்கத்திடம் அந்தத் தைரியம் அரசுக்கு வரவில்லை. கிண்டிக்கு முதலிடம் கிடைத்ததில் தகுதிக்குப் பங்கு உண்டு, அச்சத்துக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் இதைச் சமுதாய வானொலி என்றே சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில், நிர்வாகமும் அதனுடையது. நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் ஒலிபரப்பின் அளவே நிலையத்தை அக்கம்பக்கத்தோடு கட்டிப்போட்டது. பொதுவாக 100 வாட்டுக்கு மேல் ஒலிபரப்புத் திறன் கூடாது, கோபுரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெட்டவெளியிலேயே சுமார் 10 கிலோமீட்டரோடு சரி. பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் ஒரு பெரிய அடுக்குமாடி குறுக்கே நின்றால் அதன் பின்னால் ஒலி மங்கி இரைச்சல் கூடலாம். சர்தார் பட்டேல் சாலைக்கு அந்தப்புறம் கிண்டி தேசியப் பூங்கா. வட்டத்தில் ஒரு துண்டு மான்களுக்குப் போய்விட்டது. மீதியில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு. அக்கம்பக்கக் குடிசைப்பகுதிப் பெண்களைக் கேட்பவர்களாக மட்டும் வைத்திராமல், உடல்நலம், சத்துணவு பற்றிய நிகழ்ச்சிகளில் பேசவும் அவற்றைத் தயாரிக்கவும் நிலையம் அழைத்துவந்தது. சமுதாய வானொலி என்ற பெயருக்கு அவர்கள் கைக்கு வந்த மைக் போதிய ஆதாரம். உரிமத்தாளில் இருக்கும் பெயரை மட்டும் வைத்து அதை ஒதுக்கிவிட முடியாது.

2006 நவம்பரில் புதிய வழிகாட்டு நெறிகள் வந்தன. குறைந்தது மூன்றாண்டு களப்பணி செய்த தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. இது கிண்டியின் சாதனை என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் மிகை. சமுதாய வானொலிக்கு உரிமை கோரிய 1996 பெங்களூர்ப் பிரகடனம் முதல் இதற்காகக் குரல் கொடுத்தவர்கள் பலர். கிண்டியின் பங்கு வேறு: அரசு அஞ்சியதுபோல் இத்தகைய உரிமத்தால் சட்டம் ஒழுங்கு கெடவில்லை என்று காட்ட, இயங்கிக்கொண்டிருக்கும் உதாரணம் ஒன்று கையில் இருந்தது. அதற்குக் கிராமங்கள் கொடுத்த விலை காத்திருப்பு. பஸ்தாபூரின் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்க 2008 அக்டோபர் 15 ஆயிற்று.

கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கும் நகரத்தில் இத்தனை சிறிய நிலையம் எதற்கு என்ற கேள்விக்குக் கிண்டியில் பதில் சொல்வது கடினம்தான். பாம்பனில் அவ்வளவு கடினமில்லை. 2016 ஆகஸ்ட் 15இல் அங்கே தொடங்கிய கடல் ஓசை வானொலி, மீனவர்களுக்கென்றே நடப்பது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அதில் அன்றாடச் சங்கதிகள். அதன் அலைவரிசையும் 90.4, பஸ்தாபூருக்கும் அதே 90.4. வீச்சு குறைவு என்பதால் ஒரே எண்ணைப் பல ஊர்களுக்குக் கொடுக்க முடிகிறது. கிண்டியில் பேசுவது பாம்பனில் குறுக்கிடுவதில்லை.