கதம்ப வாசகர்: எழுதப்படாத ஒரு வரலாறு

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டும்போது நாம் ஆசிரியர்களைக் காண்கிறோம். உரையாசிரியர்கள், பதிப்பாசிரியர்கள், திறனாய்வாளர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் நண்பகல் உணவுக்குப் பின் திண்ணையில் சாய்ந்து, கைக்குக் கிடைத்ததைப் படித்த வாசகருக்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. இன்று துப்பறியும் நாவல், நாளை பக்தி நூல், அடுத்த நாள் சமையற் குறிப்பு, அதற்கும் அடுத்த நாள் பயணக் கட்டுரை என்று வகை பாராமல் படித்தவர் அவர். அவரைக் கதம்ப வாசகர் என்று அழைக்கலாம். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், இந்த வாசகருக்கு ஒரு கடன் பட்டிருக்கிறோம். இக்கட்டுரை அக்கடனைக் குறித்தது.

கதம்ப வாசகர் புதிதாகத் தோன்றியவர் அல்லர். அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக விற்ற காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்டனர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியபோது, அந்த முதல் நாவலே ஒரு கதம்பமாகத்தான் இருந்தது. கிளைக்கதை, நகைச்சுவை, நீதியுரை யாவும் அதில் கலந்து கிடந்தன. அடுத்து வந்த ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்', 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வெளிவந்த பின்னரே நூலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை.மு. கோதைநாயகி அம்மாள் ஆகியோரின் நாவல்கள் பெருவாரியாக வாசிக்கப்பட்டன. உடனே கண்டனமும் எழுந்தது. நாவல் படிப்பது பொழுதைப் பாழாக்கும், இளைஞரையும் பெண்களையும் கெடுக்கும் என்று கற்றோர் கவலைப்பட்டனர். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட பழக்கம் மாறி, ஒவ்வொருவரும் தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கம் பரவிய கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' (2002) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். தனியே படிப்பவர் எதைப் படிக்கிறார், என்ன நினைக்கிறார் என்பது பிறருக்குத் தெரியாது. கற்றோரின் கவலைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் வார இதழ்களின் காலம் வந்தது. 1926இல் தொடங்கிய 'ஆனந்த விகட'னை 1928இல் எஸ்.எஸ். வாசன் ஏற்றார். 1941இல் 'கல்கி' தோன்றியது. இவ்விதழ்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தொடர்கதைகளையே நினைக்கிறோம். ஆனால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை வெளிவந்தது ஆனந்த விகடனில்தான். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கையை, நகைச்சுவைத் துணுக்குக்காக இதழை வாங்கியவர்களும் வாரந்தோறும் படித்தார்கள். புலவர்கள் மட்டும் படிக்கும் ஏடு ஒன்றில் அது வந்திருந்தால் அத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருக்குமா என்பது ஐயமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தமிழ்க் குடும்பங்கள் அறிந்ததில் கதம்ப வாசகருக்கும் பங்குண்டு.

நூலகங்களின் வரலாறும் இவ்வாறே. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அறிவுத்துறைகள் அனைத்தையும் பகுத்து எண்ணிட்டு அடுக்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் அவர் வெளியிட்டார். இவ்வளவு கறாராக வகைப்படுத்தியவர், 1931இல் வெளிவந்த தமது நூலக ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்றும் வகுத்தார். வாசகர் நூல் அடுக்குகளிடையே தாமே நடந்து, கண்ணில் பட்டதை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையை வற்புறுத்தினார். தேடி வந்த நூலை விட்டுவிட்டுத் தேடாத நூலோடு வீடு திரும்பும் வாசகருக்கு அவரது விதிகளில் இடம் இருந்தது. அதே 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதனே. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்பட்டதால் சிற்றூர்களில் கிளை நூலகங்கள் தோன்றின.

அத்தகைய கிளை நூலகம் ஒன்றில்தான் நமது வாசிப்பும் தொடங்கியது. சுஜாதாவை எடுத்த கையோடு சித்த மருத்துவ நூலை எடுத்தோம். மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைச் சோவியத் நூல்களைப் படித்தோம். அவற்றுக்கு நடுவே லட்சுமியின் நாவல்கள், தமிழ்வாணனின் கட்டுரைகள், ஏதோ ஒரு கோயிலின் தல வரலாறு. எது இலக்கியம், எது இலக்கியம் அன்று என்று அப்போது எவரும் நமக்குச் சொல்லவில்லை. முதுகலைத் தமிழ் படிக்கப் போன பிறகு சொன்னார்கள். நாமும் விரைவாகக் கற்றுக்கொண்டோம். அதுவரை படித்தவற்றில் பாதியைப் பிறர் முன் சொல்ல வெட்கப்பட்டோம்.

அந்த வெட்கத்தால் நேர்ந்த இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமது பெரியம்மா ஐம்பதாண்டுகள் இடைவிடாமல் படித்தவர். வார இதழ்த் தொடர்களைக் கிழித்து அடுக்கி, நூலால் தைத்து, அட்டை கட்டி வைத்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் அவரது குறிப்புகள் இருக்கும். கதைமாந்தர் ஒருவரோடு சண்டை பிடித்திருப்பார். பக்கத்து வீட்டில் யாருக்கு இரவல் கொடுத்தார் என்று எழுதியிருப்பார். அப்பளம் இடும் கணக்கும் அங்கேயே இருக்கும். அவர் மறைந்த ஆண்டில் நாம் முதுகலை முடித்திருந்தோம். அந்தத் தொகுதிகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடலாமா என்று வீட்டில் கேட்டபோது, அவற்றில் இலக்கியம் ஏதும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னவர்கள் நாமே. இன்று வகுப்பில் தொடர்கதை வளர்ச்சியைக் கற்பிக்கும்போது எத்தனையோ நூல்களை மேற்கோள் காட்டுகிறோம். அக்கதைகளைப் படித்த ஒருவரின் கையெழுத்து மட்டும் நம்மிடம் இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இந்தத் தவற்றைச் செய்யாதவர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் நடத்திய அவர், சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் வாங்கத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் சேகரித்தார். காப்பியமும் கைமருந்து நூலும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீசும் திருமண அழைப்பிதழும் அவரிடம் ஒரே மதிப்பைப் பெற்றன. 1992இல் அவர் மறைந்தபோது அத்தொகுப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிற அச்சுப் பொருள்களும் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கித் தமிழகத்திலேயே இருக்கச் செய்தது. அதுவே இன்று சென்னையில் ஆய்வாளர்கள் நாடும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அவர் வாங்கிய மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. தரம் பார்த்துப் பொறுக்கும் புலவர் ஒருவர் அவர் இடத்தில் இருந்திருந்தால் அத்தொகுப்பின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது.

எல்லா நூலும் ஒன்றே என்று நாம் வாதிடவில்லை. தர வேறுபாடு உண்டு. அதைக் கற்பிப்பது நமது கடமை. ஆனால் எந்த நூல் நல்லது என்பது ஒரு கேள்வி, மக்கள் எதை எப்படிப் படித்தார்கள் என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்கு விடை சொல்லத் திறனாய்வாளர் பலர் உண்டு. இரண்டாவதற்குச் சாட்சி சொல்லக் கூடியவர் கதம்ப வாசகர் ஒருவரே. அவரோ தமக்குச் சொல்லத் தகுதியில்லை என்று எண்ணி வாய் திறப்பதில்லை.

ஆகவே நண்பர்களிடம் நமது வேண்டுகோள் எளியது. படித்த நூல் எவ்வகையாயினும், எந்த ஆண்டு, எங்கே, யாரிடமிருந்து வாங்கிப் படித்தீர்கள், படித்தபோது என்ன தோன்றியது என்பதை நாலு வரி எழுதி வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பரண்மேல் தைத்த தொகுதி ஏதேனும் இருக்குமானால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் ஓரங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நாம் அன்று பார்க்கவில்லை.