குருவியின் வால்

சீனச் சண்டை வித்தை என்றவுடன் எகிறிக் குதிக்கும் வீரர்களைத்தான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறோம். தாய்ச்சி கற்க வருகிறவனைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். முதலில் அவனுக்கு நிற்கவும் நடக்கவுமே சொல்லித் தருவார்கள். பிறகு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நீரோட்டம்போல் ஓடும் நீண்ட தொடர் ஒன்றைப் பழக்குவார்கள். யாங் பரம்பரையின் தொடரில் 85 நிலைகள் என்பார்கள், 103 என்பார்கள், 108 என்றும் சொல்வார்கள். எண்ணுகிறவர் எங்கே வெட்டி எண்ணுகிறார் என்பதுதான் வித்தியாசம். செய்து முடிக்கச் சுமார் 20 நிமிஷம் ஆகும். பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள்: வெண்கொக்கு சிறகு விரிப்பது, மேகம்போல் கை வீசுவது, கடலடி ஊசி. இவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது, குருவியின் வாலைப் பிடிப்பது.

இந்தப் பரம்பரையின் மூலபுருஷர் யாங் லூசான், 1799-ல் ஹெபெய் மாகாணத்து யோங்னியனில் பிறந்தவர். ஹெனான் மாகாணத்தில், சென் குலத்தார் வாழும் சென்ஜியாகோ கிராமத்தில் அவர் வித்தை கற்றார். குல வித்தையை அவர்கள் வெளியாருக்குச் சொல்லித் தருவதில்லையாம். யாங் அங்கே வேலைக்காரனாய்ச் சேர்ந்து, சென் சாங்சிங் நடத்திய பாடத்தை ராத்திரியில் சுவரோட்டை வழியே பார்த்துப் பார்த்துத் திருடினார் என்றும், பிடிபட்டபோது அவருடைய தேர்ச்சியைக் கண்டு குரு வியந்து சிஷ்யனாக ஏற்றார் என்றும் கதை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல சரக்குக் கிடைக்காது. ஆனால் நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் அந்தக் குருவி வால்தான். பார்க்கிறவன் கண்ணுக்கு, இரண்டு கைகளும் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகின்றன, அவ்வளவே. உள்ளே நான்கு காரியங்கள் இருக்கின்றன: எதிரியின் பலத்தை ஏந்தித் தாங்குவது, அதை நம் பக்கமாக இழுத்து வழியனுப்புவது, நெருக்குவது, தள்ளுவது. தோள் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் நான்கும் கெட்டுவிடும். பலம் பாதத்தில் கிளம்பி, இடுப்பில் திரும்பி, விரலுக்கு வரவேண்டும் என்கிறார்கள். அது சுவரோட்டையில் தெரியுமா? யாராவது பின்னால் வந்து தோளை அழுத்தி, முழங்கையைத் தட்டி, இடுப்பைத் திருப்பிவிட வேண்டும். ஆகவே சென் சாங்சிங் அந்த அந்நியனைத் தம் கையால் தொட்டுத்தான் திருத்தியிருக்க வேண்டும். அவருடைய துணிச்சல் எனக்குத் திருட்டைவிடப் பெரிதாகப் படுகிறது. கதையோ அவரைக் கடைசிக் காட்சியில் வந்து ஆச்சரியப்படுகிறவராக ஆக்கிவிட்டது!

கண்ணைப்போலவே காதும் ஏமாற்றும். 16-ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளைக்காரர்களோடு போரிட்ட தளபதி சீ ஜிகுவாங், தம் படைப்பயிற்சி நூலில் 32 கைச்சண்டை நிலைகளைப் படத்தோடு சேர்த்தார். பெரும்போரில் வெறுங்கை உதவாது, சிப்பாயின் கைகாலைப் பழக்க உதவும் என்பது அவர் அபிப்பிராயம். அதில் முதல் நிலை, சோம்பலாக அங்கியைச் செருகுவது. சீனத்தில் ‘லான் ஜா யி’. சென் கிராமத்துத் தொடரின் தொடக்கத்திலும் அதே பெயர் வருகிறது. யாங்கின் தொடரில் அந்த இடத்தில் ‘லான் ச்சுவே வெய்’, அதாவது குருவி வால்! வாயிலிருந்து காதுக்குப் போகிற வழியில் அங்கி குருவியாகிவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். பெயர்தான் பறந்தது, நிலை தொடரின் தலைமாட்டிலேயே இருந்துவிட்டது.

பிற்பாடு யாங் பீகிங் போய் மஞ்சுப் பிரபுக்களுக்குக் கற்பித்தார். அவர் பேரர் யாங் செங்ஃபூ, துள்ளலும் உதையும் குறைந்து ஒரே சீராக நகரும் தொடரை நாடெங்கும் பரப்பினார். 1928-ல் சென் ஃபாகே கிராமத்திலிருந்து பீகிங் வந்து, தரை அதிரக் காலை மிதித்துப் பழைய தொடரைச் செய்து காட்டினார். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நம்புவது சிரமம்.

1956-ல் அரசாங்க விளையாட்டுக் குழு, யாங் தொடரை 24 நிலைகளாகச் சுருக்கிற்று. ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். கூட்டங்கூட்டமாகக் கற்பிக்க வேண்டும்; ஒவ்வொரு தோளையும் தொட்டுத் திருத்த நேரம் ஏது? எளியதை முன்னும் கடினமானதைப் பின்னும் அடுக்கினார்கள். குருவி வால் ஏழாவது, எட்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. ஒரு குலத்துக்குள் கிடந்த வித்தை ஊரார் எல்லோருக்கும் கிடைத்ததே என்றால், அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பழைய வரிசைதான் எனக்குப் பிடிக்கிறது. அதில் கடினமானது முதல் நாளே வரும். 20 நிமிஷத்துக்குள் அதே குருவி வால் பல தடவை திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும், தோள் இறங்கியிருக்கிறதா என்று ஆசான் பின்னால் வந்து தொட்டுப் பார்க்கலாம்.